எறும்பு ஏறிய சுவர்

அத்தியாயம் 7

"தட்டிப் பாருங்க. நல்லாத் தட்டிப் பாருங்க. மூணு வருஷச் சுவர்."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டு, மாடு விற்கிறவர் மாட்டைத் தட்டுவது போலத் தானே உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

கண்டக்டரும் தட்டிப் பார்த்தான். "ஆமாங்க, சுவர்தான்" என்றான்.

செயலாளர் அவனை முறைத்தார். அண்ணி யாரையும் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் இப்போது கண்டக்டர் இல்லை. டிக்கெட்டை விடப் பேச்சை அதிகம் கொடுக்கிறான் என்று பஸ் கம்பெனி அவனை இறக்கிவிட்டு ஆறு வருஷம் ஆகிறது. அண்ணி அவனுடைய மூத்த அண்ணன் மனைவி. இருபது வருஷம் கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்க, உள்ளே குமிழி ஓடுகிற ஒரு கட்டை வைத்திருப்பார்கள், ரசமட்டம் என்று பெயர். அந்தக் கட்டை இல்லாமலே, சுவர் ஒரு நூல் சாய்ந்தாலும் நின்ற இடத்திலிருந்து சொல்லிவிடுவாள் என்பதால் வேலையிடத்தில் அவளுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். இடுப்பு இனிமேல் சுமக்க மாட்டேன் என்று சொன்ன நாளில் அவள் துப்பறிய ஆரம்பித்தாள். காணாமல் போன சிமெண்ட் மூட்டையில் தொடங்கி, காணாமல் போன கல்யாண மாப்பிள்ளை வரைக்கும் தேடிக் கொடுத்தாயிற்று.

ஆனால் மூன்று நாளைக்கு முன் வந்த இஸ்திரிக்காரம்மா சொன்னது மாதிரி ஒரு களவு அவளிடம் அதுவரை வந்ததில்லை.

"ஒரு பொருள் காணாம போச்சுங்க."

"என்ன பொருள்?"

"ரோடு."

அது புதிதாகத் திட்டம் போட்டு எழுப்பிய நகர். தரிசு நிலத்தில் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து, முன்பக்கம் இருநூறு பெரிய வீடு, பின்பக்கம் நாற்பது சின்ன வீடு. சின்ன வீடுகள் அந்த நகரைக் கட்டிய கொத்தனார், சித்தாள், பெயிண்டர், தச்சர் குடும்பங்களுக்கு ஒதுக்கியவை. இரண்டுக்கும் நடுவே நீளமான மதில். மதிலில் ஆறடி அகலத்துக்கு ஒரு வழி. பின்பக்கத்தார் பஸ்சுக்குப் போனதும் அதன் வழியாகத்தான், முன்பக்கத்து வீடுகளில் வேலை செய்து பிழைத்ததும் அதன் வழியாகத்தான். இரண்டு வாரத்துக்கு முன் சாக்கடை வேலை என்று சொல்லி அந்த இடத்தைத் தகரம் வைத்து மறைத்தார்கள். நாலு நாள் கழித்துத் தகரத்தை எடுத்தபோது சாக்கடை அப்படியே இருந்தது, வழியைத்தான் காணோம். மதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சுவராக, ஒரே சாம்பல் நிறமாக, ஒரே அழுக்காக நின்றது.

புழக்கத்தில் இருக்கிற வழியை யாரும் அடைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் செயலாளர் ஒரே போடாகப் போட்டார். அங்கே வழியே இருந்ததில்லை என்று எழுதி, முன்பக்கத்தில் அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கி, நகரமைப்பு அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். வரைபடத்திலும் வெறும் மதில் என்றுதான் இருந்தது. வழி விட்டது கட்டிய கம்பெனி, வாய்ப்பேச்சாக. அந்தக் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பது வீட்டாரும் வழி இருந்தது என்று சத்தியம் செய்தார்கள். "புகார் குடுத்தவங்களே எப்படிச் சாட்சி ஆக முடியும்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

இன்றைக்கு நாலு மணிக்கு அதிகாரி நேரில் வருகிறார். சுவர் பழசு என்றால் கோப்பை மூடிவிடுவார். மூடினால் மூடினதுதான்.

"மூணு மழைக்காலம் பாத்த சுவரும்மா இது. கறையைப் பாருங்க." செயலாளர் சட்டைப்பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டார். "அந்த அம்மாகிட்டச் சொல்லிடுங்க. இல்லாததைத் தேடி அலைய வேணாம்னு."

அவர் மூலை வீட்டுக்குள் போனார். அது அவர் வீடு. சுவருக்கும் அதற்கும் பத்தடி.

அண்ணி குனிந்தாள். பழுப்புக் கறை ஒன்றின் மேல் விரலைத் தேய்த்து மூக்கில் வைத்தாள்.

"இங்க பாரு."

கறையின் மேல் எறும்புகள் இருந்தன. பக்கத்துக் கறையிலும் இருந்தன. அந்த ஆறடிக்குள் எல்லாக் கறைகளிலும் கூட்டம் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன. ஆறடிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் இருந்த கறைகளில் ஒன்றுகூட இல்லை.

"மழைத் தண்ணி இனிக்குமா?" என்றாள் அண்ணி.

கண்டக்டர் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் மலர்ந்தது. "டீ! அண்ணி, சுவருக்கு டீ குடுத்திருக்காங்க!"

"சங்க ஆபீஸ்ல பெரிய கெட்டில்ல கலந்து வெக்கிற டீ. நேத்து ஊத்திருக்காங்க, இன்னைக்கு அதிகாரி வராருன்னு. பழசாத் தெரியணும்ல."

"சக்கரை இல்லாம வாங்கியிருக்கக் கூடாதா? சுவருக்குச் சர்க்கரை வியாதின்னு சொல்லியிருந்தா, டீக்காரரே தனியாப் போட்டுக் குடுத்திருப்பாரு."

"சரி, புடிச்சிட்டோம், கிளம்பலாம்னு நினைக்காத. எறும்பைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்க முடியாது. இதைக் கட்டினவன் வாயைத் திறக்கணும். மணி என்ன?"

"ரெண்டே கால்."

"வண்டிய எடு. பின்பக்கம் போய்ப் பாப்போம்."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் போய்ச் சேர, மெயின் கேட்டைத் தாண்டி, வெளிச்சாலையில் நகரை முக்கால்வாசி சுற்ற வேண்டும். ஸ்கூட்டரிலேயே பதினைந்து நிமிஷம். வழியில் ஏணியைத் தோளில் போட்டு நடந்து போன ஒரு பெயிண்டரைக் கடந்தார்கள். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முன்பு அவர் வேலைக்குப் போக நடந்த தூரம் இருநூறு அடி.

பின்பக்கத்தில் இஸ்திரிக்காரம்மா தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள். வண்டியில் கரி இல்லை, துணியும் இல்லை.

"கையெழுத்துப் போட்ட அறுபது பேரும் என் ஆளுங்கதான்" என்றாள், கேட்காமலே. "வழி இல்லைன்னு சொல்ற சட்டையெல்லாம் நான் தேச்ச சட்டை. அந்தச் சட்டையெல்லாம் அந்த வழியாத்தான் வந்துச்சு, அந்த வழியாத்தான் போச்சு. சட்டைக்கு வாய் இருந்தா நடந்ததே வேற."

"சட்டைக்கு வாய் இல்ல. ஆனா புல்லுக்கு இருக்கு" என்றாள் அண்ணி.

அவள் சுவரின் அடியைக் காட்டினாள். அங்கே தரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மழை எட்டிப் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மதில் ஓரமாக எங்கேயும் ஒரு பச்சை கிடையாது. ஆனால் அந்த ஆறடிக்கு மட்டும், அளந்து வைத்தது போல, விரல் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது.

"அட! இது மட்டும் எப்படி?" என்றான் கண்டக்டர்.

"புதுசாக் கட்டிப் பூசின சுவருக்குப் பத்து நாள் தண்ணி காட்டணும். மேல சிமெண்ட் பெயிண்ட் அடிச்சா அதுக்கும் காட்டணும். இல்லன்னா விரிசல் விடும், பொரிஞ்சு கொட்டும். இங்க ஒருத்தன் தினமும் தண்ணி காட்டிருக்கான்."

"செயலாளர் ஆளுங்களா இருக்கும்."

"அவங்க ஏன் இந்தப் பக்கம் வரணும்? சுத்திக்கிட்டு வாளியத் தூக்கிட்டா?" அண்ணி நிமிர்ந்தாள். "அவங்களுக்குச் சுவர் நாலு மணி வரைக்கும் நின்னாப் போதும். சுவர் அம்பது வருஷம் நிக்கணும்னு நினைக்கிறது கட்டினவன் மட்டும்தான்."

அவள் பார்வை தரையில் ஓடியது. காய்ந்த மண்ணில் இன்னொரு பச்சை தெரிந்தது. உள்ளங்கையளவு புல். அதற்கு இரண்டு அடி தள்ளி இன்னொன்று, பொட்டு மாதிரி. அப்புறம் ஒன்று. சுவரிலிருந்து கிளம்பிச் சின்ன வீடுகள் பக்கமாக, வரிசையாக அந்தப் பச்சைப் பொட்டுகள் போயின.

"வாளி தளும்பிச் சிந்தின தண்ணி" என்றாள் அண்ணி. "நடங்க."

மூன்று பேரும் நடந்தார்கள். இஸ்திரிக்காரம்மா முன்னால் போனாள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு.

"எவன்னு தெரியட்டும். அவன் கையை நான் இஸ்திரிப் பெட்டியில வெச்சுத் தேய்க்கிறேன். எங்க சோத்துலயே மண்ணள்ளிப் போட்டுட்டு, அதுக்குத் தண்ணி வேற ஊத்திருக்கான் பாரு! அவன் வெளங்குவானா? அவன் கட்டின எதுவும் நிக்குமா?"

"கட்டினது நிக்குது, அதான் பிரச்சனையே" என்றான் கண்டக்டர்.

நாற்பது அடிக்கு ஒருமுறை பச்சை கொஞ்சம் பெரிதாக, வட்டமாக இருந்தது. அண்ணி அதில் காலை வைத்துக் காட்டினாள். "இங்க வாளியை இறக்கி வெச்சிருக்கான். அப்புறம் பாரு, பொட்டு வலது பக்கம் மாறுது, எதிர வந்த அவனுக்கு அது இடது. கொஞ்சம் தூரத்துல மறுபடியும் இடது பக்கம். இடது கை சீக்கிரம் ஓயுது. இடது தோள் சரியில்லாத ஆள்."

இஸ்திரிக்காரம்மா திட்டிக்கொண்டே வந்தவள் அங்கே கொஞ்சம் நிதானித்தாள்.

"எந்தப் பக்கத்திலருந்து எந்தப் பக்கம் போனான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் கண்டக்டர்.

"நிறை வாளிதான் அதிகம் சிந்தும். இதோ, போகப் போகப் பொட்டு நெருங்கி வருதுல்ல? வாளி நிறைஞ்ச இடத்துக்கிட்ட வந்துட்டோம்." அண்ணி திரும்பினாள். "இங்க தண்ணி எப்ப வரும்மா?"

"காலையில அஞ்சு மணிக்கு லாரி. அந்தக் கோடியில." இஸ்திரிக்காரம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "எல்லாரும் அங்கதான் வரிசையில நிப்போம்."

"எல்லாரும் வீட்டுக்குத் தண்ணி தூக்கிட்டு வர நேரத்துல, ஒருத்தர் வீட்டிலருந்து தண்ணிய வெளியே தூக்கிட்டுப் போயிருக்கார். யாரும் பாக்கல, ஏன்னா எல்லாரும் லாரியைப் பாத்துட்டு இருந்தீங்க."

பொட்டுகள் மூன்றாவது சந்தில் திரும்பின. இஸ்திரிக்காரம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாள். பொட்டுகள் ஒரு வீட்டைத் தாண்டின. இன்னொன்றைத் தாண்டின. மூன்றாவது வீட்டின் படிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்கு அடியில், செழித்த புல்லாக முடிந்தன.

கண்டக்டர் படியைப் பார்த்தான். இஸ்திரிக்காரம்மாவைப் பார்த்தான்.

அது அவளுடைய வீடு.

உள்ளே ஒரு மனிதர் பனியனோடு உட்கார்ந்து பூச்சுக் கரண்டியில், கொலுறில், காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இடது தோளில் வலிக்கு ஒட்டுகிற பட்டை. கொத்தனார், இஸ்திரிக்காரம்மாவின் கணவர். மூன்று பேரும் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் கொலுறைக் கீழே வைத்தார். ஏன் வந்தார்கள் என்று கேட்கவில்லை.

"நீயா?" என்றாள் அவள்.

இருபத்திரண்டு வருஷமாக 'நீங்க' என்று கூப்பிட்ட வாய். அந்த ஒரு சொல்லில் அவர் குனிந்துவிட்டார்.

"உன்னைத்தான் கேக்குறேன். நீயா கட்டின?"

"உன் வண்டிக்காகத்தான்டி கட்டினேன்."

"என்னது?"

"முன்பக்கம் வண்டி நிறுத்துற அனுமதி சங்கத்துக் கையில இருக்கு. கட்டலன்னா உன் வண்டி உள்ள வராதுன்னு செயலாளர் சொன்னாரு. கட்டினா மெயின் கேட்ல விடச் சொல்றேன்னாரு."

"விட்டாங்களா?"

"இல்ல."

"தள்ளுவண்டி உள்ள வரக் கூடாதுன்னு கேட்ல போர்டே தொங்குது. உனக்குத்தான் படிக்க வராது, என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? பன்னெண்டு நாள், நான் இங்க உக்காந்து அழுதேன். பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்தியே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வாயைத் திறந்தா வீட்டு ஒதுக்கீட்டுல கை வெப்பேன்னாரு. பத்து வருஷம் ஆகாம வீடு நம்ம பேருக்கு வராது. ஒரு புகார் எழுதினாப் போதுமாம்."

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை என்பதைக் கண்டக்டர் கவனித்தான். "தண்ணி ஏன்யா ஊத்தினீங்க? விட்டிருந்தா தானா விரிசல் விட்டிருக்கும். உங்களுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

கொத்தனார் தரையில் கிடந்த கொலுறைத் திருப்பி வைத்தார். பிறகு, "நான் கட்டினது" என்றார்.

இருபது வருஷம் கல் சுமந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒருவரிடம் எதை வேண்டுமானாலும் மிரட்டி வாங்கலாம். கெட்ட வேலையை மட்டும் வாங்க முடியாது. அவர் கை அதற்குப் பழகியிருக்கவில்லை.

"சரி, இன்னொண்ணு சொல்லுங்க" என்றாள். "எந்தச் சுவரும் கடைசி வரிசையில சரியா உக்காராது. பழைய மதில் உயரத்துக்குப் புதுக்கல் எவ்வளவு குறைஞ்சுச்சு?"

அவர் நிமிர்ந்தார். "ரெண்டு விரல்."

"எதை வெச்சு ஈடு கட்டினீங்க?"

அவர் சொன்னார். சொல்லும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. கண்டக்டர் தொடையைத் தட்டினான். "அடிச்சக்கை!"

"அதிகாரி முன்னால இதைச் சொல்வீங்களா?"

கொத்தனார் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு அறை, ஒரு அடுப்படி, அவரே பூசிய சுவர். "வீடு போயிடும்மா."

"போகட்டும்" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "வெளியே போக வழி இல்லாததுக்குப் பேரு வீடு இல்ல, பெட்டி. எழுந்திரு. உளி எங்க?"

நாலு மணிக்கு முன்பக்கத்தில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி கையில் கோப்பு, கண்ணில் தூக்கம். செயலாளர் குடை பிடிக்காத குறையாக அவரைச் சுவருக்கு அழைத்து வந்தார். மூலை வீட்டு மாடியில் செயலாளரின் மனைவி கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். எதிர் வீடுகளிலும் திரைச்சீலைகள் விலகின.

"தட்டிப் பாருங்க சார். மூணு வருஷச் சுவர்."

அண்ணி எறும்பைக் காட்டினாள். டீயைச் சொன்னாள். அதிகாரி லேசாகச் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எறும்பு மொய்ச்சுதுன்னு நான் அறிக்கை எழுத முடியாதும்மா."

"எழுத வேணாம் சார். கட்டினவரே வந்திருக்கார்."

"எங்க?"

"மேல பாருங்க."

மதிலுக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பிறகு தோள், தோளில் வலிப்பட்டை. கொத்தனார் பின்பக்கத்தில் ஏணி போட்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஆட்களின் சலசலப்பு கேட்டது. நாற்பது வீடும் வந்திருந்தது.

"இதைக் கட்டினது நான்தாங்க. பதினாறு நாள் ஆகுது. அவர் கட்டச் சொன்னாரு, கட்டினேன்."

செயலாளரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிவந்தது. "பொய் சார்! அந்த இஸ்திரிக்காரி புருஷன்தான் இவன். பொண்டாட்டிக்காகப் பேசுறான்." சுவரை நோக்கி விரலை நீட்டினார். "டேய், யோசிச்சுப் பேசு. அந்த வீட்டுல இன்னும் எத்தனை நாள் இருக்கணும்னு யோசிச்சுப் பேசு!"

கொத்தனார் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறினார். இப்போது அவர் இடுப்பு வரை தெரிந்தது.

"யோசிச்சுட்டுத்தாங்க வந்தேன். உங்க வீட்டு மாடிப்படி பதினெட்டு. ஒன்பதாவது படி ஒரு நூல் உயரம் ஜாஸ்தி. அது என் தப்பு, எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கம் இருநூறு வீடு, அந்தப் பக்கம் நாப்பது. எல்லாத்துலயும் என் கை இருக்கு. வீட்டை வெச்சு என்னை மிரட்டாதீங்க. எங்க கொலுறு விழுதோ அங்க எனக்கு வீடு எழும்பும்."

பின்பக்கத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

"பேச்சு நல்லாருக்கு" என்றார் அதிகாரி. தூக்கம் கலைந்திருந்தது. "ஆதாரம்?"

"மேல் வரிசை, அவருக்கு இடது பக்கத்திலருந்து அஞ்சாவது கல்" என்றாள் அண்ணி. "அதுக்கு அடியில."

"சுவரை உடைக்க நான் அனுமதி குடுக்க முடியாதும்மா."

"வேணாம் சார். கொத்தனாரே, அந்தக் கல் ஆடுதா?"

"ரொம்ப ஆடுதுங்க" என்றார் கொத்தனார், மலை மாதிரி அசையாமல் இருந்த கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு.

"கீழ அதிகாரி நிக்கிறார். அவர் தலையில விழுந்தா யார் பதில் சொல்றது? பாதுகாப்புக்கு எடுத்துடுங்க."

அதிகாரி மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தார், ஆனால் அதற்குள் உளி விழுந்துவிட்டது. டக். டக். டக். மேல் பூச்சு பெயர்ந்தது. செயலாளர் 'யாரைக் கேட்டு' என்று கத்தியது சுத்தியல் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கல் வந்தது. கொத்தனார் அடியில் விரலை விட்டு ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்துச் சிமெண்டைத் தட்டிவிட்டு, குனிந்து அதிகாரி கையில் கொடுத்தார்.

தரைக்கோ சுவருக்கோ பதிக்கிற டைல்ஸின் உடைசல் அது. பளபளவென்று ஒரு நீலம், நடுவே வெள்ளி இழை போல ஒரு கோடு.

"சார், கட்டின கம்பெனி அந்தக் காலத்துல எதையாவது அள்ளிப் போட்டிருப்பான்" என்றார் செயலாளர், மூச்சு வாங்காமல். "மூணு வருஷத்துக்கு முன்னால நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? இந்த டைல்ஸை நான் பாத்ததே இல்ல!"

"ஏங்க!"

மாடியிலிருந்து அவர் மனைவியின் குரல்.

"ஏங்க, அது நம்ம பாத்ரூம் டைல்ஸ்ங்க! போன மாசம் பதினோரு கடை ஏறி இறங்கி நான் எடுத்தேன்! கண்ணாடிக்கு மேல வெக்க ஒரு துண்டு கேட்டேன், மிச்சமே இல்லைன்னீங்களே! சுவத்துக்குள்ளயா வெச்சீங்க?"

அதிகாரி துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

கண்டக்டர் தொண்டையைச் செருமினான். "மூணு வருஷத்துக்கு முன்னாலேயே சுவத்துக்குள்ள வெச்சுட்டு, போன மாசம் கடை கடையாத் தேடியிருக்காங்க பாவம்."

சிரிப்பு முதலில் பின்பக்கத்தில் வெடித்தது. அப்புறம் எதிர் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னாலும் கேட்டது. செயலாளர் மாடியை அண்ணாந்து பார்த்த பார்வையில் கோபத்தை விடக் கெஞ்சல்தான் அதிகம். அந்த அம்மாள் அதற்குள் உள்ளே போயிருந்தாள்.

அதிகாரி ஜீப்பின் மேல் கோப்பை வைத்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். வழி புழக்கத்தில் இருந்தது. அடைப்பு புதியது. சுவரை அகற்ற உத்தரவு பிறப்பிக்கப் பரிந்துரை. வீட்டு ஒதுக்கீட்டைக் காட்டி மிரட்டியது தனியாகக் குறிக்கப்படுகிறது. "முப்பது நாள்ல உத்தரவு வந்துடும்."

"முப்பது நாளா?" சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரம்மாவின் குரல் உயர்ந்தது. "நாலு நாள்ல கட்டினதுக்கு முப்பது நாளா?"

கொத்தனார் மேலிருந்து குனிந்தார். "சார், எங்க தொழில்ல ஒரு பழக்கம். வேலை தப்பாப் போனா, கட்டினவனே தன் கையாலப் பிரிச்சுடணும். அதுக்கு யார்கிட்டயும் எழுதி வாங்குறதில்ல. இது தப்பாப் போன வேலை. பிரிக்கவா?"

அதிகாரி அவரைப் பார்த்தார். கோப்பை மூடினார். "டிரைவர், நான் எத்தனை மணிக்குக் கிளம்பினேன்?"

"நாலு இருபதுக்கு சார்."

"இப்ப?"

"நாலு இருபதுதான் சார்."

ஜீப் போய்விட்டது.

அதற்கப்புறம் வேலைதான். கொத்தனார் மேலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றினார். பெயிண்டர் கல்லை வாங்கினார், தச்சர் அடுக்கினார். அண்ணிகூட இடுப்பை மறந்து முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துக்கொண்டாள். கண்டக்டர் மேற்பார்வை பார்த்தான். முன்பக்கத்து ஆட்கள் தள்ளி நின்றார்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கல் லேசில் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு அடி வேண்டியிருந்தது. கொத்தனாருக்கு வியர்வை கொட்டியது.

"இவ்வளவு கெட்டியாவா கட்டித் தொலைச்ச?" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"தண்ணி காட்டினேன்ல."

"காட்டினே, காட்டினே. ராத்திரி வீட்டுக்கு வா, உனக்கு நான் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த கல்லைத் தானே வாங்கிக்கொண்டாள்.

வெயில் சாய்வதற்குள் சுவர் மார்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. அப்போது செயலாளரின் மனைவி மூலை வீட்டிலிருந்து வெளியே வந்தாள். இரண்டு கையாலும் ஒரு பெரிய துணி மூட்டையை அணைத்திருந்தாள். பதினாறு நாள் துணி. சுவருக்கு அருகில் வந்து, ஒன்றும் நடக்காதது போல மூட்டையைத் தூக்கி மதில் மேல் வைத்தாள்.

"அவருக்கு நாளைக்கு மீட்டிங் இருக்கு. வாங்கிக்கோ."

இஸ்திரிக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூட்டையைப் பார்த்தாள். தொட்டது தன் பக்கம் இழுப்பதற்கு அல்ல, அந்தப் பக்கம் தள்ளுவதற்கு. மூட்டை அந்த அம்மாளின் கைகளுக்கே திரும்பிப் போனது.

"மேல வெக்காதீங்கம்மா, சுவருக்கு மேல வாங்குறதா இல்ல" என்றாள். "இன்னும் ஆறு வரிசைதான், கொஞ்சம் நில்லுங்க. இறங்கினதும் நீங்களே நடந்து இந்தப் பக்கம் வாங்க. மூணாவது சந்து, மூணாவது வீடு. வண்டி இனிமே அங்கதான் நிக்கும்."

அந்த அம்மாள் மூட்டையோடு நின்றாள். கொத்தனார் அடுத்த கல்லில் உளியை வைத்தார்.